காளான் கொட்டில் நின்ற இடம்

அந்தப் படிவத்தில் பதினோராவது கேள்வி நிலத்தைப் பற்றியது. தொழில் நடக்கப்போகிற நிலம் சொந்தமா, குத்தகையா, வேறு ஏதாவதா என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் புள்ளடி போட வேண்டும். நான் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் "தோட்டம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மிஸ் அதை இரண்டு தரம் பார்த்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர் அவர், சின்ன வயது, சிங்களப் பிள்ளை. "தோட்டம் யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார். நாலு தலைமுறையாக நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டம் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

பல்லேகலப் பக்கம் ஒரு மண்டபத்தில் அன்றைக்கு வகுப்பு. விவசாயத்தையும் காட்டையும் நம்பிச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்க மானியம் என்று சொன்னார்கள். கலகெதரவில் இருந்து தேன்பெட்டி வைக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அலவத்துகொடவில் இருந்து கராம்பும் சாதிக்காயும் காயப்போடுகிறவர்கள் வந்திருந்தார்கள். கித்துள் மரத்துப் பாணி காய்ச்சுகிற ஒரு குடும்பமே வந்திருந்தது. எல்லோர் பையிலும் காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோ பிரதி இருந்தது. கண்டியில் இரண்டு பஸ் மாறி வந்த நாங்கள் ஏழு பெண்கள். எங்கள் பைகளில் அடையாள அட்டையும் மத்தியானச் சோறும்தான். ஏழு பேரில் ஒருத்தி எங்கள் சங்கத் தலைவி அக்கா, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பயப்படாத ஒரே மனுஷி, என் காதில் சொன்னாள்: "காணி உள்ளவனுக்குத்தான் மானியம்னா காணி இல்லாதவளுக்கு என்னாடி? பஜனையா?"

நாங்கள் கேட்டது காளான் வளர்க்க. சிப்பிக் காளானுக்குப் பெரிய இடம் தேவையில்லை. இருபதடி நீளம், பத்தடி அகலத்தில் ஒரு கொட்டில் போதும். மரத்தூளும் தவிடும் கலந்து பொலித்தீன் பையில் அடைத்து, பீப்பாயில் வைத்து ஆவியில் அவித்து, ஆறவிட்டு வித்துப் போட வேண்டும். ஒரு மாதத்தில் பை முழுக்க வெள்ளையாகும். பிறகு பையைக் கீறி ஈரம் காட்டினால் காளான் வரும். முதலில் பரீட்சைக்கு இருநூறு பைக்கு வேண்டிய வித்துத் தருவார்கள். அது சரியாக வந்து, நிலத்துக்கும் ஒரு கடிதம் காட்டினால் தகரக் கூரை, இரும்புத் தட்டு, பெரிய பீப்பாய் எல்லாம் மானியத்தில் வரும். இதில் விளங்காத சங்கதி ஒன்றுமில்லை.

கஷ்டம் எல்லாம் இருபதடியில்தான் இருந்தது. லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்கு மேலே, தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு. யாருக்கும் வேண்டாத இடம். தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போய்க் கேட்டோம். அவர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு, "கட்டிக்கோ, பார்ப்போம்" என்றார். எழுதித் தரச் சொல்லி அக்கா கேட்டதற்கு, "அதெல்லாம் பெறகு" என்றார்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது, அது எனக்கு மட்டும். காளான் பைக்கு ஒரு நாளில் மூன்று தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும், காற்று பார்க்க வேண்டும். காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுக்க மலையேறினால் சாயந்தரம்தான் இறங்க முடியும். ஏழு பேரில் ஒருத்தி பகலில் கொட்டிலிலேயே இருந்தாக வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். அப்படி என்றால் தோட்டத்து வேலைப் பட்டியலில் என் பேரை வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் இருந்தது எனக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை. தோட்டத்தில் பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை என்பது எழுதாத சட்டம். அவர் அன்றைக்குச் சாப்பிடும்போது, "காளான் பொய்ச்சா காம்பராவும் போயிரும், தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். தெரிந்துதான் செய்தேன். பதினாறு வயதில் பிடித்த கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது.

கொட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டினோம். டர்பன்டைன் மரக் கம்பு, மானாப்புல் கூரை, பழைய உரப்பையைத் தைத்து நாலு பக்கமும் மறைப்பு. மரத்தூளுக்கு அலவத்துகொடவில் ஒரு மர ஆலைக்காரரைப் பிடித்தோம். வகுப்புக்கு வந்த கராம்புக்காரர்தான் வழி காட்டினார். ஆலைக்கார முஸ்லிம் நானாவிடம் தூள் விலை என்ன என்று கேட்டேன். "தூளுக்கு வெலயா தங்கச்சி? குமிஞ்சி போய் ஈக்கிது. வந்து அள்ளிட்டுப் போங்கோ. காளான் வந்தா நம்மட ஊட்டுக்கும் ஒரு கறிக்குத் தாங்கோ" என்றார். காணி இல்லாதவள் என்று அவர் என்னிடம் ஒரு படிவமும் நீட்டவில்லை.

இருநூறு பையும் வெள்ளையானது. இனி நான் சொல்லப்போவது என் முட்டாள்தனம். அதை மற்றவர்கள் தலையில் போட மாட்டேன்.

பை கீறுகிற நாள் வந்தது. புது வேலை, நல்ல காரியம். வகுப்பில் "கொட்டில் சுத்தமாக இருக்க வேண்டும், மிக மிகச் சுத்தமாக" என்று மிஸ் பத்துத் தரம் சொல்லியிருந்தார். எங்களுக்குச் சுத்தம் என்றால் என்ன? மாட்டுப்பட்டியில் இருந்து பச்சைச் சாணம் அள்ளிவந்து, மண் தரையை மூலைமுடுக்கு விடாமல் நானே மெழுகினேன். வாசலில் சாணத்தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். சாம்பிராணி புகைத்தேன். அக்கா தேங்காய் உடைத்தாள். பிறகுதான் பைகளைக் கீறினோம். அதோடு விட்டேனா? செவ்வாய், வெள்ளி தவறாமல் மெழுகினேன்.

குண்டூசித் தலை மாதிரிக் காளான் மொட்டுகள் வந்தன. அன்றைக்கு நாங்கள் ஏழு பேரும் கொட்டிலுக்குள் நின்று சிரித்தோம். பத்தாம் நாள் கீழ்த்தட்டில் நாலைந்து பைகளில் பச்சைத் தூசி மாதிரி ஒன்று படிந்திருந்தது. கண்ணூறுதான் என்று அக்கா முடிவு கட்டினாள். கீழ் லயத்துக்காரிகள் வந்து வந்து பார்த்ததை நானும் நினைத்துக்கொண்டேன். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினோம். நான் என்ன செய்தேன்? இன்னும் கொஞ்சம் சாணம் கரைத்து, பைகளுக்கு நடுவிலும் தெளித்தேன். நோய்க்கு நோயையே மருந்தாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் இருநூற்றில் பாதிக்கு மேல் பச்சை.

அந்தக் கோலத்தில்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். மிஸ் வந்தார், அவருக்கு மேலதிகாரியான ஒரு பெரிய மாத்தயா வந்தார், பின்னால் தொரையும் வந்தார். மிஸ் உள்ளே கால் வைத்ததும் நின்றார். தரையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். "கொம?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஆமாம், சாணம்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சாணத்தில் அந்தப் பச்சைப் பூசணத்தின் வித்து கோடிக்கணக்கில் இருக்கும், ஆவியில் அவித்துக் கொன்றதை நீங்களே திரும்பக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறீர்கள் என்று விளக்கினார். வகுப்பில் சாணம் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. யாராவது அப்படிச் செய்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க எனக்கும் தோன்றவில்லை. சாணம் அசுத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகை முட்டியது. ஆறு பேருடைய உழைப்பை என் கையாலேயே கெடுத்திருந்தேன்.

அழுதிருப்பேன், பெரிய மாத்தயா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். அவர் தொரையிடம் சிங்களத்தில் சொன்னார்: "நான் முதலிலேயே சொன்னேன். இந்த ஆட்களுக்கு இதெல்லாம் சரிவராது. கொழுந்து எடுக்கத்தான் தெரியும்." எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தார் போல. வந்த அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண் காய்ந்துவிடும், சின்ன வயதில் இருந்தே அப்படி.

அவர் கோப்பில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தயாராகவே கொண்டுவந்திருந்தார். எங்கள் சொந்த விருப்பத்தில் திட்டத்தை விட்டு விலகுகிறோம் என்று அதில் எழுதியிருந்ததாம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால் மானியத்தை வேறு குழுவுக்குக் கொடுக்கலாம்.

"தமிழ்ல கொண்டாங்க. வாசிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், அதைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னார்.

தமிழ் டைப்பிஸ்ட் இல்லை என்றார் மாத்தயா.

"அப்ப டைப்பிஸ்ட் வந்த பொறகு வாங்க."

தொரைக்கு முகம் சிவந்தது. "ஏய், மரியாதையா போடு. நீங்க தானே நாசம் பண்ணினது" என்றார்.

"நாசம் பண்ணினது நான்தாங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா விட்டுட்டுப் போறேன்னு நான் சொல்லலையே. சொல்லாததுக்கு எப்படிங்க கையெழுத்து வைக்கிறது?" பிறகு மாத்தயாவுக்கும் நேராக விளங்கட்டும் என்று, "அத்சன் கரன்ன பே" என்றேன். கையெழுத்துப் போட முடியாது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற ஐந்து பேரும் வந்து நின்றார்கள். என்னைத் திட்ட அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. திட்டினார்கள்தான், ஆனால் வந்தவர்கள் போன பிறகு. மாத்தயா வெறும் தாளோடு திரும்பினார். போகும்போது மிஸ் என்னிடம், அந்தக் கையெழுத்து இல்லாமல் உங்கள் கோப்பை மூட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை.

மானியம் கேட்பதைப் பிச்சை கேட்பதாக நினைக்கிறவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். "அவங்க குடுத்தா வாங்கிக்கணும், இல்லைன்னா பேசாம வந்துரணும்" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் கேட்கிறேன், அரசாங்கத்துக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது? என் அம்மா எடுத்த கொழுந்து கப்பலேறிப் போகாமலா வந்தது? மலைக்குக் கீழே காணி உள்ளவனுக்கு அது உரிமை, மலைக்கு மேலே இருக்கிறவளுக்கு அது தருமமா? அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நாங்கள் அழவும் இல்லை, கேட்டோம்.

கெட்ட பைகளை எல்லாம் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். தரையைக் கொத்தி மேல்மண்ணை அள்ளி வெளியே போட்டுச் சுண்ணாம்பு தூவினோம். எலுமிச்சம்பழத்தை அக்காவே அறுத்து எறிந்தாள். நானாவிடம் மறுபடி போய் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சாணியப் போட்டா மெழுகினீங்க? யா அல்லாஹ்!" என்றவர், தூளோடு ஒரு பழைய பீப்பாயையும் லொறியில் ஏற்றிவிட்டார். வித்துக்கு அக்கா தன் காதுத் தோட்டை அடகு வைத்தாள். இந்தத் தரம் நூறு பைதான். உள்ளே போகும் முன் காலையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். கோயில் பூசாரி வந்தாலும் அதே சட்டம்தான்.

இதற்கிடையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தொரையின் கடிதம் ஒன்று கொண்டுவந்தார். மாத முடிவுக்குள் கொட்டிலைப் பிரிக்க வேண்டும், நான் பிரட்டுக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை ஒப்படைக்க வேண்டும். ஆபீசுக்குப் போய் ஏன் என்று கேட்டேன். தொரை மறைக்கவில்லை. "உனக்கு எடம் குடுத்தா நாளைக்கு நூறு பேர் வந்து கேக்கும்" என்றார். கேட்கட்டுமே என்றேன். அவர் கதவைக் காட்டினார்.

நான் பிரட்டுக்குப் போகவில்லை. பயம் இல்லாமல் இல்லை. காம்பராவில் இருந்த ஓர் அலுமாரி, இரண்டு கதிரை, படிக்கிற மகளின் புத்தகம் இதையெல்லாம் எங்கே தூக்கி வைப்பேன் என்று ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் டவுனில் வாடகைக்கு அறை விசாரித்துவிட்டு வந்து விலையைச் சொல்லாமல் படுத்துவிட்டார். இருந்தும் நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் தெளித்தேன்.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது காளான் வந்தது. ஒவ்வொரு பையிலும் கைநிறைய, வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாக வந்தது. பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. முதல் கறி அலவத்துகொடவுக்குப் போனது. மிச்சத்தைக் கண்டி மார்க்கட்டில் ஒரு மணித்தியாலத்தில் வாங்கி முடித்தார்கள். ஒரு கூடையை மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எழுந்து போய்ப் பெரிய மாத்தயாவைக் கூட்டிவந்து காட்டினார். மாத்தயா ஒரு காளானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அவரே தோட்டத்துக்கு வந்தார். ஜீப்பில் ஒரு பெரிய பலகை. திட்டத்தின் பேரும் சின்னமும் போட்டு, "வெற்றிகரமான தோட்டப் பெண்கள் குழு" என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழ் டைப்பிஸ்ட் எங்கிருந்தோ கிடைத்திருந்தார். கொழும்பில் இருந்து திட்டத்தைப் பார்வையிட அன்றைக்கே ஆட்கள் வருகிறார்களாம். தோட்டத்துக் குழு ஒன்றாவது காட்ட வேண்டுமாம். எங்கள் கோப்பு மூடாமல் இருந்ததால் மானியமும் இன்னும் இருக்கிறதாம். தொரையும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நான் கொட்டில் வாசலில் நின்றேன். அந்தக் கிழமைதான் நாங்கள் பலகை அடித்துக் கதவு வைத்திருந்தோம். கதவு பூட்டி இருந்தது, சாவி என் இடுப்பில்.

"திற, திற. வந்துகிட்டு இருக்கு" என்றார் தொரை.

"தெறக்கிறேங்க. இந்த எடம் எங்க சங்கத்துக்குன்னு ஒரு கடிதம் குடுங்க. காம்பராவும் கேக்க மாட்டேன்னு எழுதுங்க. எழுதின ஒடனே தெறக்கிறேன்."

"பெறகு பார்ப்போம்."

"போன தரமும் பெறகுன்னு சொன்னீங்க. பெறகு வந்தது பிரிக்கச் சொல்லித்தானே?"

பெரிய மாத்தயாவுக்கு வியர்த்தது. நிலக் கடிதம் இல்லாமல் மானியமும் கொடுக்க முடியாது, வருகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று தொரையிடம் சிங்களத்தில் கெஞ்சினார். கீழ் வளைவில் வேன் ஹோர்ன் கேட்டது. தொரை ஜீப்பின் பொனட்டின் மேல் தாளை வைத்து இங்கிலீசில் எழுதினார். நான் அதை மிஸ்ஸிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இருபதுக்குப் பத்தடி நிலம், ஏழு பேரின் பெயர், காம்பராவைக் கேட்பதில்லை, எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "தோட்டத்துக்குத் தேவைப்படும் வரை" என்று ஒரு வரி. மிஸ் அந்த வரியை வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"அதை வெட்டுங்க" என்றேன்.

வேன் கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தொரை என்னைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்திருக்க வேண்டும். நான் எரியவில்லை. அவர் அந்த வரியை வெட்டி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தார். நான் கதவைத் திறந்தேன்.

பலகையை அன்றைக்கு ஆணி அடிக்க விடவில்லை. மானியச் சாமான் வந்து இறங்கிய பிறகு அடியுங்கள் என்று அக்கா அதை வாங்கி லயத்துச் சுவரில் சாத்தி வைத்தாள். மூன்று மாதத்தில் தகரமும் தட்டும் வந்தன. அடுத்த வருடம் கீழ் லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், கண்ணூறு வைத்ததாக நான் சந்தேகப்பட்டவர்கள்தான், அதே படிவத்தை நிரப்பினார்கள். எங்கள் கடிதத்தின் பிரதியோடு நானும் அவர்களோடு ஆபீசுக்குப் போனேன். நூறு பேர் வந்து கேட்பார்கள் என்று தொரை சொன்னது பொய்யில்லை.

கடிதம் கிடைத்த மறுநாளே நாங்கள் வேலி போட்டோம். இந்த மலையில் எங்கள் ஆட்கள் பேரில் எழுதிக் கொடுத்த முதல் மண் அது. நாங்கள் ஆறு பேரும் அடி அளந்துதான் கம்பு நட்டோம். அக்கா மட்டும் அளக்காமல் ஒரு பக்கத்துக் கம்புகளை ஓரடி வெளியே தள்ளி நட்டாள். சாயந்தரம் கணக்கப்பிள்ளை அளவு நாடாவோடு வந்து அளந்தார். "இருபதடிதானே எழுதியிருக்கு, இது இருபத்தொண்ணு வருதே" என்றார்.

"தொரை அவசரத்துல கொறைச்சு எழுதிட்டாருங்க. திருத்தச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். திருத்தக் கேட்டு இன்று வரை யாரும் வரவில்லை. அந்த ஓரடியும் எங்களிடம்தான் இருக்கிறது.